முறைப்பாடுகள்: பூச்சியம்

ராகவிக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது "எங்கட பிள்ளை" என்று சொன்னால் போதும், அங்கேயே உருகிவிடுவாள். ஒஸ்லோவில் பிறந்து, ஒஸ்லோவில் மருந்தியல் படித்து, நல்ல வேலையில் இருக்கிறவள்தான். ஆனாலும் அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் அவள் இன்னும் பாலர் வகுப்புப் பிள்ளை. நகரத்தின் கிழக்கே குரோருட்டிலிருந்து புருசெத் வரை இருக்கிற எங்கள் சனம் இதைச் சரியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

"பிள்ளை, சின்னக் கேள்வி ஒண்டு," என்று தர்மலிங்கம் மாமா ரொம்சோஸிலிருந்து அழைப்பார். அவர் அவளுக்கு எந்த வழியிலும் மாமா இல்லை. ஒரு காலத்தில் வடக்கு நோர்வேயில் அவளுடைய அப்பாவோடு மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர், அவ்வளவுதான். "உங்கட கொம்பனி என்ர குளிசையை மாத்திப்போட்டுது. பழசு வெள்ளை, இது மஞ்சள். விழுங்கினால் வயித்தைப் பிரட்டுது. என்ன செய்யிறது?"

ராகவி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பதில் சொல்வாள். சாப்பிட்ட பிறகு எடுங்கோ மாமா. வெறும் வயித்திலை வேண்டாம். ரெண்டு கிழமை பாருங்கோ, பழகிடும். "நீ இருக்கேக்கை எங்களுக்கு என்ன குறை," என்று சொல்லி மாமா போனை வைப்பார். அவள் சிரித்த முகத்தோடு ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவாள்.

மாமா சொன்ன கொம்பனியின் பெயர் மெத்வார்டே. அது மருந்து செய்வதில்லை, மருந்து விற்பதுமில்லை. இரண்டுக்கும் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறது. பஸ் நிறுவனங்களும் ஹொட்டேல்களும் துப்புரவு நிறுவனங்களும், அரசு பணம் கொடுக்காத மருந்துகளைத் தங்கள் வேலையாட்களுக்கு வாங்கிக் கொடுக்க அதனிடம் ஒப்பந்தம் செய்துகொள்ளும். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று வைத்தியர் எழுதினாலும், அவற்றில் எதற்குப் பணம் கொடுப்பது என்று தீர்மானிப்பது மெத்வார்டே. மருந்து செய்கிறவர்களோடு பேரம் பேசும். யார் விலையைக் கூடுதலாகக் குறைக்கிறார்களோ அவர்களுடைய மருந்து பட்டியலில் ஏறும், மற்றது இறங்கும். குறைத்த விலையில் எவ்வளவு அதன் பையிலேயே தங்குகிறது என்பது அதற்கு மட்டும்தான் தெரியும்.

இத்தனை காலமும் இதை யாரும் கேட்கவில்லை. இப்போதுதான் அரசு விழித்துக்கொண்டது. இப்படி நடுவில் நிற்கிறவர்கள் எல்லாரும் இனி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், எடுக்காதவர்கள் கடையைக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. மருந்து மாற்றப்பட்ட நோயாளிகள் என்ன சொல்கிறார்கள், எத்தனை முறைப்பாடுகள் வந்தன என்பதையெல்லாம் மேற்பார்வைத் திணைக்களம் பார்த்த பிறகுதான் அனுமதி.

ராகவி அங்கே நோயாளர் தொடர்பாளர். அவளுடைய மேலாளர் யூலியா ஒருநாள் மதியம் ஒரு கேக்கோடு வந்தாள். மேலே பாதாம் மாவில் செய்த பச்சை மார்சிப்பான் பூச்சு, அதன் நடுவில் சொக்லேட்டால் பெரிய பூச்சியம்.

"விண்ணப்பத்துக்காகக் கணக்கெடுத்தோம்," என்றாள் யூலியா. "எல்லா மொழிக்காரரிடமிருந்தும் முறைப்பாடு வந்திருக்கிறது. எங்கள் நோர்வேக்காரரைக் கேட்கவே வேண்டாம். தமிழில் உதவி கேட்டுப் பதிந்தவர்களிடமிருந்து மட்டும் ஒன்றுகூட இல்லை. பூச்சியம்! திணைக்களம் இது எப்படி என்று கேட்கிறது. நான் ராகவி என்று எழுதிவிட்டேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். ராகவிக்கு அந்தப் பூச்சியம் எப்படி வந்தது என்று தெரியும். சனம் முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைப்பதில்லை, அவளுடைய சொந்தக் கைத்தொலைபேசிக்கு அழைக்கிறது. அங்கே வருவது எதுவும் எங்கேயும் பதிவாவதில்லை. அவள் அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி வேறு, முறைப்பாடு வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பூச்சியம் இருந்த துண்டைத்தான் தனக்கு வெட்டி எடுத்தாள்.

"பகிரங்க அமர்வில் பேசுவதற்கு ஒரு நோயாளி வேண்டும்," என்றாள் யூலியா. "மருந்து மாற்றப்பட்டவர். திருப்தியாக இருக்கிறவர். உனக்கு யாரையாவது தெரியுமா?"

யோசிக்கவே தேவையில்லை. "ராசமலர் அன்ரி," என்றாள் ராகவி.

புருசெத்தில் இருக்கிற ராசமலர் பஸ் ஓட்டுகிறவர். ராகவியின் அம்மாவின் சிநேகிதி. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. தூரத்தில் நின்று பார்த்தால் பஸ் தானாக ஓடி வருவதாகத்தான் தெரியும். குடித்துவிட்டு ஏறி வம்பு பண்ணுகிறவர்களை நோர்வே மொழியில் ஏசி இறக்கிவிட்டு, அடுத்த தரிப்பிடத்தில் பிள்ளை வண்டியோடு நிற்கிற தாய்க்குப் பல் தெரியச் சிரிப்பார். அவர் பேசினால் சபை களைகட்டும்.

அவர் ராகவியை முதன்முதலில் அழைத்தது வசந்த காலத்தில். அன்று மட்டும் குரல் எங்கோ பாதாளத்திலிருந்து வந்தது.

"பிள்ளை, பக்கத்திலை ஒருத்தரும் இல்லைத்தானே? எனக்குச் சலம் அடக்க ஏலாத வருத்தம். கக்கூஸுக்கு ஓடமுந்தியே போயிடுது. முந்தின குளிசை நல்லா வேலை செய்தது, ஒரு கரைச்சலும் இல்லை. இப்ப நீங்கள் மாத்தித் தாறதை எடுத்தால் கண் மங்குது. நான் பஸ்ஸெல்லோ ஓட்டுறன்."

இதற்கு ஒரு வழி இருந்தது. மாற்று மருந்து ஒத்துவரவில்லை என்று பதிந்தால், மெத்வார்டே விலக்குக் கொடுத்துப் பழைய மருந்துக்கே பணம் கொடுக்க வேண்டும். ஆனால் என்ன நோய், என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

"ஐயோ, எழுதிப் போடாதை பிள்ளை," என்றார் ராசமலர் அன்ரி. "கொம்பியூட்டரிலை போனால் ஊருக்கே சொன்ன மாதிரி. வீட்டிலை இவருக்கே இன்னும் தெரியாது. டிப்போவிலை தெரிஞ்சால் நான் எந்த முகத்தோடை போறது?"

டிப்போவில் இருக்கிற யாராலும் அதைப் பார்க்க முடியாது. சட்டம் விடாது. அதை ஆறுதலாக உட்கார்ந்து விளங்கப்படுத்துவதுதான் ராகவியின் வேலை, அதற்குத்தான் சம்பளம். ஆனால் அவளுக்கு நல்ல பிள்ளையாக இருக்கிற அவசரம். "சரி அன்ரி, நான் எழுதேல்லை. படுக்கப் போகேக்கை எடுத்துப் பாருங்கோ. கொஞ்ச நாளிலை கண் பழகிடும்," என்றாள்.

அன்ரி பிறகும் ஓரிரு தடவை அழைத்தார். பிறகு அழைக்கவில்லை. ராகவி அதைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டாள். இதுதான் அவள் விட்ட பெரிய பிழை. எங்கள் சனம் குணமானால் பேசாமல் இருக்காது. போன் எடுத்து வாழ்த்தும், ஒரு பெட்டி ரோல்ஸ் சுட்டு அனுப்பும். பேசாமல் இருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேக் சாப்பிட்ட வாரக் கடைசியில் அவள் புருசெத்துக்குப் போனாள். ராசமலர் அன்ரி அவளைக் குசினி மேசையில் இருத்தி, சுடச்சுட ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்தார். தனக்கு எதுவும் ஊற்றிக்கொள்ளவில்லை.

"நீங்கள் குடிக்கேல்லையோ அன்ரி?"

"நான் இப்பத்தான் குடிச்சனான். நீ குடி."

மேசையிலும் தொட்டியிலும் குடித்த கோப்பை ஒன்றும் இல்லை. அன்ரியின் உதடு வெடித்துப் போயிருந்தது. குளிர்காலம் தொடங்கிவிட்டது என்று ராகவி நினைத்தாள்.

"குளிசை இப்ப ஓகேதானே?"

"ஓம் ஓம், ஒரு கரைச்சலும் இல்லை," என்றார் அன்ரி, ரோல்ஸ் தட்டை அவள் பக்கம் தள்ளியபடி. ராகவி விஷயத்தைச் சொன்னாள். திணைக்களம், அனுமதிப்பத்திரம், பகிரங்க அமர்வு. என்ன மருந்து என்று சொல்லத் தேவையில்லை, கொம்பனி நன்றாகக் கவனிக்கிறது என்று சொன்னால் போதும்.

"அங்கை வெள்ளையள் எல்லாரும் இருப்பினமோ?"

"ஓம். என்ர ஷெஃப் யூலியாவும் இருப்பா."

"உனக்கு அதாலை நல்லதோ?"

ராகவி கொஞ்சம் வெட்கத்தோடு, "ஓம் அன்ரி," என்றாள். "அனுமதி கிடைச்சால் என்னைத் தமிழுக்கு மட்டும் இல்லாமல் முழுப் பகுதிக்கும் பொறுப்பாய் போடுவினம்."

"அப்ப வேற என்ன கதை? எங்கட பிள்ளைக்காண்டி வராமல் ஆருக்காண்டி வாறது?" என்றார் ராசமலர் அன்ரி. ராகவி உருகிப்போனாள்.

அமர்வு நடந்தது நவம்பர் மாதத்து நசநசத்த ஒரு காலையில். திணைக்களத்தின் கட்டடம் நகர மத்தியில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி, எந்தக் கதவைத் திறப்பதென்றாலும் ஒரு அட்டை காட்ட வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அட்டை இல்லை, பெயர் எழுதிய ஸ்டிக்கர் மட்டும் நெஞ்சில் ஒட்டிவிட்டார்கள்.

ராசமலர் அன்ரி காலை ஓட்டத்தை முடித்துக்கொண்டு பஸ் சீருடையிலேயே வந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று வாசலில் கேட்ட பெடியனை ஏற இறங்கப் பார்த்தார். "குடிகாரனோடை நோஷ்க்கிலை சண்டை பிடிக்கிறவளுக்கு மொழிபெயர்ப்பாளரோ?" என்று ராகவியின் காதுக்குள் சொல்லிவிட்டு, அவனிடம் நோர்வே மொழியில் வேண்டாம், நன்றி என்றார்.

விசாரித்த அதிகாரி நரைத்த குட்டைத் தலைமுடியும் மெதுவான குரலும் உள்ள ஒரு பெண். அவரே எழுந்து வந்து ராசமலர் அன்ரிக்கு முன்னால் கிளாஸ் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். அன்ரி ஒரே மூச்சில் குடித்தார். அதிகாரி சிரித்துக்கொண்டு மறுபடியும் ஊற்றினார். ஒரு பெரிய அதிகாரி தன் கையால் ஊற்றித் தருவதை வேண்டாமென்று வைக்க அன்ரிக்கு மனம் வரவில்லை. அதையும் குடித்தார்.

பிறகு பேசத் தொடங்கினார். சபை களைகட்டியது. தான் பஸ் ஓட்டப் பழகிய கதை, பனியில் வழுக்கிய கதை எல்லாம் வந்தன. "எனக்கு இந்த நிறுவனத்தோடு ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார். "எங்களுக்கு அங்கே ராகவி இருக்கிறாள். என்ன சந்தேகம் என்றாலும் அவளைத்தான் கேட்பேன்." எல்லாரும் சிரித்தார்கள். யூலியா ராகவியின் முழங்கையை மெல்லத் தட்டினாள்.

"அவர்கள் மாற்றித் தந்த மருந்தை இப்போதும் எடுக்கிறீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

ராசமலர் அன்ரி ராகவியைப் பார்த்தார். "எடுக்கிறேன்," என்றார். "நன்றாக வேலை செய்கிறது."

"ராகவியை எப்படிக் கேட்பீர்கள்? முறைப்பாட்டு இலக்கத்திலா?"

"இல்லையே, அவளுடைய சொந்த நம்பரில்," என்றார் அன்ரி பெருமையோடு. "எங்கள் சனம் எல்லாரும் அப்படித்தான்."

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். அவர் ராகவியின் பக்கம் திரும்பினார். "அந்த அழைப்புகள் எங்காவது பதிவாகின்றனவா? அவற்றில் முறைப்பாடுகள் இருந்தனவா?"

ராகவிக்குத் தர்மலிங்கம் மாமாவின் மஞ்சள் குளிசை ஞாபகம் வந்தது. தோல் அரித்த ஒருவர், தலை சுற்றிய ஒருவர், எல்லாரும் வரிசையாக ஞாபகம் வந்தார்கள். பக்கத்தில் யூலியா மூச்சு விடாமல் இருப்பது தெரிந்தது.

"இல்லை," என்றாள். "எப்போது எடுப்பது, எதோடு எடுப்பது என்ற மாதிரிச் சின்னச் சின்னக் கேள்விகள்தான். முறைப்பாடு என்று சொல்லக்கூடியதாக ஒன்றும் இல்லை."

பொய் என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் அது வாயிலிருந்து வழுவழுவென்று வந்தது. அதிகாரி பேனையை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். "பதிவில் இருப்பதை வைத்துத்தான் நாங்கள் முடிவெடுக்க முடியும்," என்றார் சபையைப் பார்த்து. "யாருக்காவது சொல்ல ஏதாவது இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை வரை எங்கள் இணையப் பக்கத்தில் நேரடியாக எழுதலாம். இப்போது இடைவேளை."

கோப்பியும் கறுவாப் பணிசும் வந்தன. யூலியா ராகவியைக் கட்டிப்பிடித்தாள். யார் யாரோ வந்து கைகொடுத்தார்கள். ராகவி கையில் பணிசோடு நின்றபோது, கண்ணாடிச் சுவருக்கு அப்பால், நடைபாதையில் ராசமலர் அன்ரி நிற்பது தெரிந்தது. அவர் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

ராகவி சிரித்துக்கொண்டு தானும் கையை ஆட்டினாள்.

அன்ரி மறுபடியும் கையை ஆட்டினார். ராகவி கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் திரும்பினாள்.

பணிசைத் தின்று முடித்த பிறகுதான் வெளியே போனாள். அன்ரி நடைபாதையின் மூலையில், கழிப்பறைக்குப் போகிற கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றார். அட்டை காட்டாமல் திறக்காத கதவு. சீருடை ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். சீருடைக் களுசான் முழங்கால் வரை நனைந்து கறுத்துப்போயிருந்தது. காலடியில் நிலத்தைக் கைக்குட்டையால் துடைத்திருக்கிறார். கைக்குட்டை கைக்குள் சுருண்டிருந்தது.

"உன்னைத்தான் கூப்பிட்டனான் பிள்ளை," என்றார். "கதவு திறக்கேல்லை."

கொஞ்சம் தள்ளி மேசையில் காவலாளி ஒருவன் இருந்தான். அவனிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் கதவைத் திறந்துவிட்டிருப்பான். முரட்டுக் குடிகாரரைக் கழுத்தைப் பிடித்து இறக்குகிற ராசமலர் அன்ரியால், ஒரு பெடியனிடம் போய்த் தனக்கு அவசரம் என்று சொல்ல முடியவில்லை.

ராகவிக்கு முகம் எரிந்தது. தான் கை ஆட்டியதும் கட்டைவிரல் காட்டியதும் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தன. "குளிசை எடுக்கிறியள் எண்டு சொன்னியளே அன்ரி," என்றாள்.

"எங்கை எடுக்கிறது? கோடையிலேயே நிப்பாட்டிட்டன். கண் மங்கினால் பஸ் ஓட்டேலுமே? சனத்தைக் கொண்டுபோய் எங்கையும் அடிச்சுப்போட்டு நிக்கிறதே?" அன்ரி குரலைத் தாழ்த்தினார். "தண்ணி குடிக்காமல் சமாளிக்கிறன். வேலைக்குப் போற நாளிலை ஒரு சொட்டும் வாயிலை வைக்கிறேல்லை. இண்டைக்கு அந்த மனிசி தன்ர கையாலை ஊத்தித் தந்தவ. வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"ஏன் எனக்குத் திருப்பிச் சொல்லேல்லை?"

"சொன்னனான்தானே. பழகிடும் எண்டு சொன்னாய். பிறகும் பிறகும் எடுத்தால் உனக்கு வேலை இடத்திலை கரைச்சல் எண்டு விட்டிட்டன்."

அதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. இருந்திருந்தால் ராகவிக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவள் தன் நீளமான குளிர் மேலங்கியை எடுத்து வந்து அன்ரியின் தோளில் போட்டாள். உயரம் குறைந்த அன்ரிக்கு அது கணுக்கால் வரை வந்தது. "கழுவித்தான் தருவன்," என்றார் அன்ரி.

யூலியா வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். "அடுத்தது நாங்கள், வா."

"இவரை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். சுகமில்லை," என்றாள் ராகவி.

"ஐயோ, பாவம். போ, போ. நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஏற்கெனவே எங்களைக் காப்பாற்றிவிட்டாய்!" யூலியா உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள். ராகவிக்கு அங்கேயே நிலத்துக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது. உள்ளே திரும்பிப் போய், நான் சொன்னது பொய் என்று அந்த அதிகாரியிடம் சொல்லலாம். ஆனால் இப்போது வாயைத் திறந்தால் அன்ரியை ஏன் அவசரமாகக் கூட்டிப்போகிறாள் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அன்ரியின் மானத்துக்குப் பின்னால் தானும் ஒளிந்துகொள்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ரி-பானே சுரங்க ரயிலில் நிறைய இருக்கைகள் காலியாக இருந்தன. ராசமலர் அன்ரி உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராகவியும் உட்காரவில்லை. தோயன் நிலையம் வரை இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. சாதாரணமாக அன்ரியோடு ரயிலில் போனால் அடுத்த பெட்டிக்காரருக்கும் கதை கேட்கும்.

ராகவியின் கைத்தொலைபேசி அடித்தது. தர்மலிங்கம் மாமா.

"பிள்ளை, சின்னக் கேள்வி ஒண்டு. அந்த மஞ்சள் குளிசை..."

"மாமா," என்றாள் ராகவி. "வயித்துப் பிரட்டு இன்னும் நிக்கேல்லையோ?"

"நிண்டால் ஏன் எடுக்கிறன்? அதோடைதான் சீவியம் போகுது."

"அப்ப அது கேள்வி இல்லை மாமா, அது முறைப்பாடு. நான் அதை எழுதவேணும். உங்கட பேரோடை."

"பேரோடையோ? நான் ஆரையும் குறை சொல்ல எடுக்கேல்லை. எங்கட பிள்ளை எண்டெல்லோ எடுத்தனான்," என்றார் மாமா. குரலில் மனம் நொந்தது தெரிந்தது. "சரி, விடு, பிறகு பாப்பம்." போனை வைத்துவிட்டார்.

ராசமலர் அன்ரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "அந்த மனுசனை ஏன் அப்பிடி வெருட்டினனீ?"

"வெக்கமாக் கிடக்கு அன்ரி." ராகவிக்கு அழுகை வந்தது, அடக்கினாள். "உங்களுக்கெல்லாம் நான் உதவி செய்யிறன் எண்டு நினைச்சன். நீங்கள் எனக்குச் சொன்னதெல்லாம் என்னோடையே நிண்டிட்டுது. அதைக் காட்டித்தான் கொம்பனி லைசென்ஸ் கேக்குது. தமிழ் ஆக்கள் ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லையாம். அதுக்கு எனக்குக் கேக் வெட்டினவை. நான் திண்டனான்."

"நல்ல கேக்கோ?"

"அன்ரி!"

"சும்மா கேட்டனான்," என்றார் அன்ரி. சிரிக்க முயன்றார், வரவில்லை. ரயில் ஹெல்ஸ்ஃபீர் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தது. வெளியே ஈரப் பனி விழுந்துகொண்டிருந்தது. அன்ரி மேலங்கியின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவை லைசென்ஸ் குடுத்தால், நான் சொன்னதையும் கேட்டுக் குடுத்ததாய்த்தானே போகும்," என்றார்.

ராகவி தலையாட்டினாள்.

"இஞ்சை பார் பிள்ளை. சலம் போனது வருத்தத்தாலை. அதுக்கு நான் என்ன செய்யிறது? ஆனால் அந்த மனிசி தண்ணி ஊத்தித் தந்திட்டு மரியாதையாய்க் கேட்டவ. நான் அவவின்ர முகத்தைப் பாத்துப் பொய் சொன்னனான். அது வருத்தத்தாலை இல்லை." அன்ரியின் கண் கலங்கியது. "எனக்கு இந்த நனைஞ்ச களுசானை விட அதுதான் கூச்சமாக் கிடக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுதலாம் எண்டவ, என்ன?"

"ஓம்."

"எடு போனை. எழுது."

"அன்ரி, என்ன வருத்தம் எண்டு எழுதவேணும்."

"எழுது."

"எல்லாம் எழுதவேணும். இண்டைக்கு நடந்ததையும்."

"நான் என்ன செவிடே? எழுது எண்டுறன்." இப்போதுதான் பஸ் ஓட்டுகிற ராசமலர் அன்ரியின் குரல் வந்தது. முன் இருக்கையில் இருந்த ஒரு நோர்வேக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "பஸ் ஓட்டுற பொம்பிளை எண்டும் போடு. எங்கட டிப்போவிலை இன்னும் எத்தினை பேர் தண்ணி குடிக்காமல் ஓடுதுகளோ, ஆருக்குத் தெரியும்?"

ராகவி திணைக்களத்தின் பக்கத்தைத் திறந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் தட்டினாள். அன்ரி தமிழில் சொல்லச் சொல்ல அவள் நோர்வே மொழியில் எழுதினாள். பெயர். பழைய மருந்து. மாற்றித் தந்த மருந்து. கண் மங்கியது. நிறுத்தியது. தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போவது. திறக்காத கண்ணாடிக் கதவு. அமர்வில் சொன்னது உண்மையல்ல என்பது. அந்த இடத்தில் அன்ரி எட்டித் திரையைப் பார்த்தார். பிறகு, "மன்னிக்கவேணும் எண்டும் போடு," என்றார்.

ரயில் லிண்டெபேர்க்கை விட்டுப் புறப்பட்டது. அடுத்தது புருசெத். கடைசிக் கேள்வியை ராகவி வாசித்துக் காட்டினாள். இதை முன்னரே நிறுவனத்துக்குத் தெரிவித்தீர்களா? கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன.

"இல்லையெண்டு போடு," என்றார் ராசமலர் அன்ரி உடனே. "நான் கொம்பனிக்கு எங்கை சொன்னனான்? உனக்குத்தானே சொன்னனான்."

அவர் அதை நல்ல மனத்தோடுதான் சொன்னார். அவளைக் காப்பாற்றுகிறோம் என்ற எண்ணம்கூட அதில் இல்லை; அவருக்கு அது வெறும் உண்மை. இத்தனை காலமும் இந்தச் சனத்தில் ஒருவர்கூட ராகவியைக் கொம்பனி என்று நினைத்ததில்லை. மாதம் முடியச் சம்பளம் எடுத்த அவளும் நினைத்ததில்லை.

அவள் 'ஆம்' என்ற கட்டத்தை அழுத்தினாள். யாரிடம் தெரிவித்தீர்கள் என்று அடுத்த கட்டம் திறந்தது. அதில் தன் முழுப் பெயரையும் அதற்குப் பக்கத்தில் மெத்வார்டே என்றும் எழுதினாள்.